கொள்ளைநோய்க் காலச் சொற்களும் வரலாற்று நாவலும்

நோய்ப் பெயர்களை அகராதியிற் காண்பது எளிது. அந்நோய் புகுந்த வீட்டில் அப்பெயரை எவ்வாறு வழங்கினர், எவ்வாறு வழங்காது தவிர்த்தனர் என்பதை அகராதியிற் காண்பது அரிது. ‘அம்மை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தாய், பாட்டி, உமை, அழகு, தொல்காப்பியர் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்று, வைசூரி என அதன் பொருள்கள் விரியும். ஆயின், குழந்தைக்கு அம்மை ‘வந்தது’ என்பதா, ‘போட்டது’ என்பதா, ‘வார்த்தது’ என்பதா, ‘கண்டது’ என்பதா? இந்நான்கும் ஒன்றுதானா? இவற்றுள் எதனைத் தாய் சொல்வாள், எதனை ஊர்க்கணக்கர் எழுதுவார்? சில தொடர்கள் பேரகராதிகளில் தனித்தலைப்பாக இடம் பெற்றிருப்பினும், சொல்வோர் யாவர், கேட்போர் யாவர், சொல்லும் வேளை எது என்னும் செய்திகள் ஆண்டுக் கிடைப்பதில்லை.

இவ்வினாக்களுக்கு விடை தேடும் முதுகலை மாணவர் பலர் இந்நாளில் வரலாற்று நாவல்களை நாடுகின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. பஞ்சமும் கொள்ளைநோயும் கைகோத்து வந்த தாது வருடத்தை (1876–77) உள்ளடக்கிய பெரிய நாவல்கள் இந்நூற்றாண்டில் தமிழில் அடுத்தடுத்துத் தோன்றின. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008இலும், பூமணியின் ‘அஞ்ஞாடி’ 2012இலும், ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ 2013இலும் வெளிவந்தன. முன்னிரண்டும் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவை. இவற்றுக்குச் சற்று முன்னர், பி. எச். டேனியல் என்னும் மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயருடன் 2007இல் தமிழுக்கு வந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களிற் காய்ச்சலுக்கு இரையான தொழிலாளர் வாழ்வே அதன் பொருள்.

இந்நூல்களிற் சொற்களைத் திரட்டும் மாணவர்க்கு ஓர் இடர் உண்டு. தாது வருடத்தைக் கண்டவர் எவரும் இன்று இலர். வைசூரியைக் கண்ணாற் கண்டு நினைவில் வைத்திருப்போரும் அறுபது வயதைக் கடந்தோரே. சொன்ன வாய்கள் மறைய மறைய, எழுதிய ஏடே சான்றாக எஞ்சுகிறது. நாவலாசிரியர் ஒரு சொல்லைக் காலம் பிறழ ஆண்டிருந்தால், மாணவர் அதனை ஆய்வேட்டில் எடுத்தாளுவர். ஆய்வேட்டிலிருந்து அது அகராதிச் சீட்டில் ஏறும். பின்னர் அகராதியே அந்நாவலின் சொல்லாட்சிக்குச் சான்றாக நிற்கும். இவ்வட்டம் ஒருமுறை மூடிக்கொண்டால் திறப்பது கடினம்.

எம் கருத்தை முதற்கண் கூறிவிடுகிறோம். கொள்ளைநோய் பற்றிய வரலாற்று நாவலிலிருந்து சொற்கற்போர் அதன் பெயர்ச்சொற்களை ஐயுறுக; அதன் வினைகளையும் வேற்றுமை உருபுகளையும் கூர்ந்து நோக்குக. நோயின் பெயர் மருத்துவரோடும் அலுவலகத்தோடும் மாறுவது. ஆசிரியரும் அதனை ஆவணங்களிலிருந்து தேடியெடுத்தே எழுதுவார். வினையோ வீட்டோடு தங்குவது. அதனை ஆசிரியர் தேடுவதில்லை. தம் தாய் வாயிற் கேட்டவாறே எழுதிவிடுகிறார். தேடி எழுதியதினும் தேடாது எழுதியது மொழியாராய்ச்சிக்குப் பெரிதும் உதவும்.

இதனை விளக்குதற்குத் தமிழுக்குப் புறத்தே ஒரு நாவலை ஒப்பு நோக்குவது நன்று. இத்தாலியரான அலெசாந்த்ரோ மன்சோனி, ‘மணம் பேசப்பெற்றோர்’ எனப் பொருள்படும் தம் வரலாற்று நாவலை 1827இல் வெளியிட்டார். 1630இல் மிலான் நகரை அழித்த பிளேக் அதன் பிற்பகுதியில் வருகிறது. நூல் வெளிவந்த பின்னர் ஆசிரியர் அதன் மொழியில் நிறைவு கொள்ளாது, பிளாரன்சு நகரத்தார் பேச்சுக்கு இசைய அதனை முழுதும் திருத்தி 1840–42இல் மீண்டும் வெளியிட்டார். இன்றளவும் இத்தாலியப் பள்ளி மாணவர் தம் மொழியைக் கற்கும் நூல்களுள் அஃது ஒன்று. ஒரு கொள்ளைநோய் நாவல் ஒரு நாட்டுக்கு மொழிநூலாகவும் அமைந்தமை வியத்தற்குரியது.

அந்நாவலில் ‘மொனாத்தி’ என்றொரு சொல் வருகிறது. வீடுகளிலும் தெருக்களிலும் கிடந்த பிணங்களை வண்டியிலேற்றிக் குழிக்குக் கொண்டு சென்ற கூலியாட்களை அக்காலத்து மிலான் மக்கள் அவ்வாறு அழைத்தனர். அச்சொல்லைக் கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் செருமன் மொழியிலிருந்தும் பிறப்பித்தோர் இருந்தமையை மன்சோனி தாமே நூலினிடையே ஆராய்கிறார். இன்று அச்சொல்லை அறிந்த இத்தாலியர் பெரும்பாலோர் அந்நாவல் வழியாகவே அதனை அறிவர். தொழில் மறைந்தது, சொல் நாவலிற் குடிபுகுந்தது. மன்சோனி பழைய வரலாற்றேடுகளைத் துருவிப் பார்த்தவராதலின் கேடு விளையவில்லை. அத்தகைய உழைப்பில்லாதார் கையில் ஒரு சொல் அகப்பட்டிருந்தால் என்னாகும் என்பதே நாம் எண்ணவேண்டுவது.

அந்நூலில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. மிலான் நகரத்தார் நோய்க்குப் பெயரிட மறுத்த படிகளை ஆசிரியர் வரிசைப்படுத்துகிறார். முதலில் ‘பிளேக்’ என்னும் சொல்லையே வாயாற் சொல்லலாகாது என்றனர். பின்னர்க் கொடுங்காய்ச்சல் என்றனர். பின்னர் உண்மைப் பிளேக் அன்று, அதனை ஒத்தது என்றனர். இறுதியிற் பிளேக்கே என ஒப்புக்கொண்டபோதும், நச்சுப்பொருள் பூசுவோர் பரப்பியது என்று வேறொரு பழியைச் சேர்த்துக்கொண்டனர். பெயர் தவிர்த்தல் தமிழ்நாட்டிலும் உண்டு. ஆயினும் காரணம் வேறு. மிலானில் நோயை ஒப்புக்கொள்ள மனமின்றிப் பெயரை மறைத்தனர். தமிழ் வீட்டிலோ பெயரைச் சொன்னால் வந்திருப்பவள் சினப்பாள் என்னும் அச்சமும் வணக்கமும் பெயரை விலக்கின. முன்னதிற் சொல் மறைந்தது. பின்னதில் ஒரு சொல்லுக்கு ஈடாகப் பல சொற்கள் பிறந்தன. தமிழில் இத்துறைச் சொல்வளம் மிக்கிருத்தற்கு இத்தவிர்ப்பே காரணம் என்பது எம் துணிபு.

நாவற் சொற்களை ஒத்துப் பார்த்தற்கு ஒரு வாழும் நிலப்பகுதி வேண்டும். யாம் மரக்காணத்து உப்பளக் கரையைக் கொண்டோம். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த அனுமந்தையும் அதன் சுற்றூர்களும் எம் நோக்கில் இருந்தன. இதனைத் தெரிந்தெடுத்ததற்கு இலக்கியக் காரணமும் உண்டு. வரலாற்றுக் காரணமும் உண்டு. சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்துவர் அறிஞர். இனி, வடக்கே ஆந்திர நாட்டிலிருந்து கரையோரமாக இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி 1877–78இல், தாது வருடப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பெற்றது. அக்காலத்து ஆளுநர் பெயரே கால்வாய்க்கு வாய்த்தது. கஞ்சித்தொட்டிக்கு வந்தவர்களும் மண்சுமந்தவர்களும் வாந்திபேதியாலும் வைசூரியாலும் மடிந்த காலம் அது. எந்தப் பஞ்சத்தை நாவல்கள் பேசுகின்றனவோ, அப்பஞ்சத்தின் சுவடு பதிந்த நீர்வழியின் தென்முனையில் நின்று அச்சொற்களைக் கேட்பது பொருத்தமே.

அங்கே முதியோர் வாயிற் பயில்வன தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் பெரும்பாலும் வழங்குவனவே; புதுமை ஒன்றும் இல்லை. அதுவே எமக்கு வேண்டுவது. ஒரு பாட்டி தன் பேரனைக் குறித்து அண்டை வீட்டாளிடம், ‘கொயந்தைக்கு அம்மா வாத்திருக்குது’ என்பாள். ‘அம்மா போட்டிருக்குது’ என்றும் சொல்வதுண்டு. இன்னும் சற்றுப் பணிந்து, ‘ஆத்தா வந்திருக்கா’, ‘ஆத்தா விளையாடுறா’ என்பாரும் உளர். இத்தொடர்களின் இலக்கணத்தைச் சற்றே நின்று நோக்குவோம்.

‘வார்த்திருக்கிறது’, ‘போட்டிருக்கிறது’ என்னும் தொடர்களில் நோயுற்ற குழந்தை எழுவாயன்று; நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. நோய் வந்து சேரும் இடமாகக் குழந்தை காட்டப்படுகிறது. வார்ப்பவர் யார், போடுபவர் யார் என்று வினவினால் விடை சொல்லப்படுவதில்லை. ‘வார்’, ‘போடு’ இரண்டும் செயப்படுபொருள் வேண்டும் வினைகள்; அவற்றுக்கு உரிய வினைமுதல் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. ‘வந்திருக்கிறாள்’, ‘விளையாடுகிறாள்’ என்னும் தொடர்களில் வினைமுதல் வெளிப்படுகிறது. ஆங்கோ நோய் மறைந்துவிடுகிறது. தெய்வம் தோன்றும்போது நோய் மறைவதும், நோய் தோன்றும்போது தெய்வம் மறைவதுமாகிய இவ்வமைப்பை எந்த இலக்கண நூலும் விதித்ததில்லை. வீட்டுப் பெண்டிர் தாமே அமைத்துக்கொண்ட இலக்கணம் இது.

‘வார்’ என்னும் வினை இன்னும் இரண்டு இடங்களில் வருகிறது. முத்துகள் வற்றத் தொடங்கியபின் வேப்பிலையிட்டு வெயிலிற் சூடேறிய நீரைத் தலைக்கு வார்ப்பர். முதல் தண்ணீர், இரண்டாந் தண்ணீர், மூன்றாந் தண்ணீர் என எண்ணிச் சொல்வர். ஆடித் திங்களில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பர். ஆகவே நோய் வருவதும் வார்த்தல், நோய் தணிவதும் வார்த்தல், நோய் வாராமல் வேண்டுவதும் வார்த்தல் ஆகின்றன. மேலிருந்து நீர்போல் இறங்குவதாக நோயைக் கருதினர் போலும். ‘மாரி’ என்னும் சொல் தமிழில் மழையையும், வடமொழியிற் கொள்ளைநோயையும் குறித்தலால், மாரியம்மன் என்னும் பெயர்க்கு இருவேறு பிறப்புக் கூறுவர் அறிஞர். அவ்வழக்கைத் தீர்த்தல் ஈண்டு எம் நோக்கமன்று. ஆயினும் அதனை ஆராய்வோர் பெயரை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இவ்வினையையும் கருத்திற் கொண்டால் வழி சற்றே தெளிவுறும்.

‘இறங்குதல்’ மாணவர் பெரிதும் தடுமாறும் சொல். ‘சாமி இறங்கியது’ என்றால் அருள் வந்து ஏறியதைக் குறிக்கும். ‘அம்மை இறங்கியது’ என்றாலோ நோய் தணிந்தது என்பது பொருள். முத்து தலையிலிருந்து படிப்படியாக இறங்கிக் காலளவில் ஓய்வதைக் கண்டு சொன்ன சொல் அது. நாவலில் ‘மூன்றாம் நாள் அம்மை இறங்கிற்று’ என்னும் ஒரு தொடர் வந்தால், நகரத்தில் வளர்ந்த இளைஞர் நோய் தொடங்கியதாகப் பொருள் கொண்டு, அடுத்த பக்கத்தில் அவ்வீட்டார் மகிழ்வதைக் கண்டு திகைப்பர். அகராதியில் ‘இறங்கு’ என்பதற்கு நேர்ப்பொருள் பார்த்தால் இத்திகைப்பு நீங்காது. கதையின் ஓட்டமே அதனை நீக்கும். சொற்கல்விக்கு நாவல் தரும் தனிப்பயன் இதுவே.

இனி, சொல் மாறாதிருக்கப் பொருள் மாறிய வரலாறு ஒன்றுண்டு. இந்தியாவில் வைசூரி 1975இல் ஓய்ந்தது. உலகினின்றே அது நீங்கியதாக உலக நலவாழ்வு நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதன்பின் ‘அம்மை’ என்னும் பொதுச்சொல் சின்னம்மைக்கும் தட்டம்மைக்குமே எஞ்சியது. நோய் நீங்கிய அளவில் சொல் நீங்கவில்லை. கொடிய பொருளை விட்டு எளிய பொருளில் ஒதுங்கிக்கொண்டது. ஆதலின் இன்றைய மாணவர் நாவலில் ‘அம்மை வார்த்தது’ எனப் படிக்கும்போது, ஒரு வாரம் வேப்பிலைப் படுக்கையிற் கிடந்து எழும் பிள்ளையையே மனத்திற் காண்பர். தாது வருடத்துத் தாய்க்கோ அதே தொடர் சாவையும், குருடாதலையும், ஆயுள் முழுதும் நீங்காத தழும்பையும் உணர்த்தியது. ஆசிரியர் இவ்வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருக்க இயலாது. விளக்கினால் கதை நிற்கும். கற்பிப்போர்தாம் விளக்கவேண்டும். ‘பெரியம்மை’ என்று அடைகொடுத்து எழுதிவிடுவது எளிய வழியாகத் தோன்றலாம். அவ்வாறு எழுதப்பெற்ற உரையாடல் அலுவலக அறிவிப்பைப் போன்று ஒலிக்கும் என்பது அதன் குறை. நோயின் மடியிற் கிடக்கும் பிள்ளைக்கருகில் இருந்துகொண்டு எந்தத் தாயும் நோயை வகைப்படுத்திப் பேசியிராள்.

வாந்திபேதியின் சொற்கள் வேறொரு வழியில் எஞ்சியுள்ளன. அவற்றுக்கு வணக்கம் இல்லை, வசை உண்டு. ‘கொள்ளையிலே போக’, ‘கழிச்சலிலே போக’, ‘பேதியிலே போக’ என்பன ஊர்ப்புறச் சண்டைகளிற் கேட்டவை. இளையோர் வாயில் இவை அருகிவருகின்றன. ‘கழிச்சல்’ கழி என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்தது, ‘பேதி’ வடசொல், மருத்துவ நூலார் வழங்கிய ‘விசூசிகை’யும் வடசொல்லே, ‘காலரா’ கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்தின் வழியாக வந்தது. பெயர்கள் இவ்வாறு நான்காயினும் உருபு ஒன்றே. ‘பேதியிலே போனான்’, ‘காலராவிலே செத்தான்’ என ஏழாம் வேற்றுமையே பேச்சிற் பயில்கிறது. ‘காலராவால் இறந்தார்’ என மூன்றாம் வேற்றுமை தந்து எழுதுவது செய்தித்தாள் வழக்கு. நோயைக் கருவியாகக் கருதாமல், மனிதர் புகுந்து மீளாத ஓர் இடமாகவோ காலமாகவோ கருதிய மனப்பாங்கு அந்த ‘இல்’ உருபிற் புலனாகும்.

இவ்வுருபைக் கொண்டு நாவலின் உரையாடலை அளந்து பார்க்கலாம். சிற்றூர்க் கிழவர் ஒருவர், ‘வாந்திபேதியால் பாதிக்கப்பட்டு உயிரிழந்தனர்’ என்று பேசுவதாக ஒரு நாவலில் வந்தால், அவ்விடத்தில் ஆசிரியரின் காது உறங்கிவிட்டது என்று கொள்க. ‘பாதிக்கப்படுதல்’, ‘தாக்குதல்’, ‘உயிரிழத்தல்’ ஆகியவை அச்சு வழக்கின் வினைகள். ஊரில் நோய் தோன்றியதை ‘கண்டது’ என்றே பழையோர் குறித்தனர்; ‘பேதி கண்டிருக்கிறது’, ‘வைசூரி கண்டு இறந்தான்’ என்பன நல்ல தமிழ்த் தொடர்கள். கண் காணாத ஒன்று ஊரிற் ‘கண்டது’ என்று சொல்லப்படுவதன் அழகு தனியே எழுதத்தக்கது.

‘கொள்ளை’ என்னும் சொல் இன்னும் ஆழமானது. ‘கொள்’ என்னும் அடியிலிருந்து வந்த அது சூறையாடலையும், கொள்ளைநோயையும், மிகுதியையும் குறிக்கும். ‘கொள்ளை ஆசை’ என்று தாய் தன் பிள்ளையைக் கொஞ்சும்போது வருவதும், ‘கொள்ளையிலே போக’ என்று பகைவனை வையும்போது வருவதும் ஒரே சொல். ‘பெருவாரி’ என்பதும் இத்தகையதே. விளைச்சல் பெருவாரியாயிற்று என்பர். பெருவாரிக் காய்ச்சல் என்றும் சொல்வர். மிகுதியைக் குறிக்கும் சொல்லே கொள்ளைநோயையும் குறித்தல் இருவேறு சொற்களில் ஒருங்கே நிகழ்ந்துள்ளமையால் இதனைத் தற்செயல் என்று தள்ளுவதற்கில்லை. ஒருவர் இருவர் சாவது நோய். எண்ணிலடங்காது சாவது கொள்ளை. எண்ணிக்கையே பெயராயிற்று. உப்பளக் கரையில் நின்று இதனை எழுதுவதால் மற்றொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. அகநானூற்றில் அம்மூவனார் பாடிய 140ஆம் பாட்டில், உமணர் உப்பின் விலையைக் கூவி விற்குமிடத்தில் ‘கொள்ளை’ என்பது விலை என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. கொள்வதற்குக் கொடுப்பது கொள்ளை. அப்பொருள் இன்று அனுமந்தையிலும் இல்லை, பிற ஊர்களிலும் இல்லை. உப்பு மட்டும் இருக்கிறது.

ஈழத்து வழக்கை ஈண்டுச் சுருங்கக் குறித்தல் போதும். தமிழ்நாட்டிற் பொன்னுக்குவீங்கி எனப்படுவது ஆண்டுக் கூகைக்கட்டு. தட்டம்மை எனப்படுவது சின்னமுத்து. சின்னம்மை எனப்படுவது கொப்பளிப்பான். ‘நெருப்புக்காய்ச்சல்’ என்பதற்கு ஈடாகத் தமிழ்நாட்டார் ‘டைபாய்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லையே கைக்கொண்டுவிட்டனர். ஈழத்து நாவலைப் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர் ‘சின்னமுத்து’ என்பதைச் சின்னம்மை என மயங்குதல் எளிது.

பெயர்ச்சொற்களை ஐயுறவேண்டும் என்றோம். ‘எரியும் பனிக்காடு’ இதற்கு நல்ல சான்று. நெல்லைச் சீமையிலிருந்து ஆள்பிடிக்கும் மேத்திரியின் சொல்லை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி ஆகியோரின் கதை அது. நிகழ்காலம் 1920களை ஒட்டியது. கதைமாந்தர் பேசியது தமிழ்; ஆசிரியர் எழுதியது ஆங்கிலம்; நம் கையில் இருப்பது மீண்டும் தமிழ். இதனால் நூலின் மதிப்புக் குறையாது. தொழிலாளரிடையே மருத்துவராய்ப் பணிபுரிந்தவர் எழுதியதாதலின் அதன் செய்திகள் உறுதியானவை. எனினும் அதிலுள்ள தமிழ்ச் சொற்களை 1920களின் சான்றாகக் கொள்ளலாகாது. அவை 2007இல் ஒரு மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுத்தவை. மருத்துவர் மனத்தில் இருந்தது ‘மலேரியா’. கொசுவின் உடலில் அதன் கிருமி இருப்பதை உரோனால்டு ராசு 1897இல் செகந்தராபாத்தில் கண்டறிந்திருந்தார். தொழிலாளர் வாயில் இருந்திருக்கக்கூடியவை காய்ச்சல், குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் போல்வன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருதலைக் கண்டு ‘முறை’ என்றனர். எனவே அந்நூலைக் கற்போர், ஆசிரியர் கூற்றில் வருவதையும் மாந்தர் கூற்றில் வருவதையும் இரண்டாகப் பகுத்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

‘கிருமி’ என்னும் சொல்லை உரைகல்லாகக் கொள்ளலாம். சொல் பழையது, சித்த மருத்துவ நூல்களிற் குடற்புழுவைக் குறித்து வரும். கண்ணுக்குப் புலனாகாது நோய் பரப்பும் உயிர் என்னும் பொருள் அதற்குப் பின்னர் ஏறியது. வாந்திபேதியின் கிருமியை இராபர்ட்டு காக்கு எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து காட்டியது 1883–84இல். பிளேக்கின் கிருமி ஆங்காங்கில் அறியப்பட்டது 1894இல். ஆகவே 1877இல் நிகழும் கதையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தண்ணீரிற் கிருமி இருக்கிறது என்று எச்சரித்தால் அஃது ஏழாண்டு முந்திப் பிறந்த அறிவு. இதற்கு மாறாக ‘ஒட்டுவாரொட்டி’ என்னும் சொல் வந்தால் மாணவர் அதனைப் புத்தாக்கம் என ஐயுறுவர். அஃதோ அகராதியேறிய பழஞ்சொல். தன்னை ஒட்டுவாரை ஒட்டுவது எனக் கருத்தை முழுதும் சொல்லும் அத்தொடரை விட்டு நாம் ‘தொற்று’ என்பதில் அமைந்துவிட்டோம். புதியதாகத் தோன்றுவது பழையதாகவும், பழையதாகத் தோன்றுவது புதியதாகவும் இருக்கக்கூடிய துறை இது.

2020க்குப் பின் எழுதப்பெறும் வரலாற்று நாவல்களில் இவ்வையம் மிகுதியும் வேண்டப்படும். ‘பெருந்தொற்று’ அவ்வாண்டிற்றான் எல்லார் நாவிலும் ஏறியது. ‘ஊரடங்கு’ என்பது முன்னர் இரவில் ஊர் உறங்கும் வேளையைக் குறித்து, பின்னர்க் காவல்துறை ஆணையைக் குறித்து, அவ்வாண்டில் நாடு முழுதும் கதவடைத்திருந்ததைக் குறித்தது. தாது வருடக் கதையில் ‘ஊரடங்கிய நேரம்’ வரலாம்; ‘ஊரடங்கு’ வரலாகாது. ஓர் ஈறு செய்யும் வேறுபாடு இது.

பெயர் மாறினும் வழக்கு மாறாமைக்குக் கோவை நகரம் கண்கூடான சான்று. பம்பாயில் 1896இல் தலைகாட்டிய பிளேக் பின்னர்க் கோவையையும் அலைக்கழித்தபோது, மக்கள் அவ்வாங்கிலச் சொல்லையே அடைமொழியாக்கிப் ‘பிளேக் மாரியம்மன்’ எனக் கோயிலெடுத்தனர். 2021இல் கோவைப் பகுதியிலேயே ‘கொரோனா தேவி’ என்று ஒரு திருவுருவம் வைக்கப்பட்டதைச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. சொல்வரலாறு அறிந்தோர்க்கு அதில் வியப்பில்லை. முன்னொட்டு ஆங்கிலமாயினும் முடிவில் நிற்பவள் பழைய அம்மனே.

எம் மாணவர்க்கு யாம் கூறும் முறை எளியது. நாவலிலிருந்து ஒரு நோய்ச்சொல்லைச் சீட்டில் எழுதுங்கால், அச்சொல்லைத் தனியே எழுதற்க. அது கொண்டுள்ள வினையோடும் உருபோடும் முழுத்தொடராக எழுதுக. பேசுவோர் யார் என்பதையும், ஆசிரியர் கூற்றாயின் அதனையும் குறிக்க. கதை நிகழும் ஆண்டும் நூல் வெளிவந்த ஆண்டும் தனித்தனியே இடம்பெறல் வேண்டும். அதன்பின் 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியிலும், 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியிலும், 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியா அகராதியிலும் அச்சொல்லைத் தேடுக. வின்சுலோவின் அகராதி தாது வருடத்துக்குப் பதினான்கு ஆண்டு முற்பட்டதாதலின் அது நமக்குக் கிடைத்த பெருந்துணை. ஆண்டும் இல்லாத சொல்லாயின் இறுதியாக ஒரு முதியவரிடம் செல்க. அவரிடம் ‘வாந்திபேதிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?’ என்று கேட்டால் ‘காலரா’ என்பார். படித்தவர்க்கு ஏற்ற விடை அதுவென்று கருதுவார். அவர் பாட்டி எப்படி ஏசுவாள் என்று கேட்டால் உண்மைச் சொல் வரும்.

அகராதி தொகுப்போர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘அம்மை’ என்னும் தலைப்பின்கீழ் நோய்ப்பொருளை ஒன்றாக வைக்காமல், வைசூரி இருந்த காலத்துப் பொருள், அது நீங்கிய காலத்துப் பொருள் என இரண்டாகப் பகுத்து, ஆண்டு குறித்து, வார்த்தல், போடுதல், காணுதல், இறங்குதல் ஆகிய வினைகளை உடன் சேர்த்துப் பதிப்பித்தல் நன்று. முதற்பொருளுக்கு மேற்கோள் தேடுவோர் நாவலை மட்டும் நம்பாது, அறுபது கடந்தோர் இருக்கும்போதே அவர்களிடமும் கேட்டுப் பதிந்துகொள்வாராக. மூன்று தண்ணீருள் எத்தண்ணீருக்குப்பின் வாயிற் செருகிய வேப்பிலையை எடுப்பது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. அதற்குரிய சொற்களை யாம் இன்னும் திரட்டி முடிக்கவில்லை.